பழைய மோட்டார் காரின் முன்சக்கர மூட்டுகள்

நமது கிராமங்களில் மோட்டார் கார் வைத்திருப்பது முன்போல் பெரிய தனவந்தர்களுக்கு மட்டும் உரிய காரியமாக இல்லை. விதை மூட்டையும், பூச்சி மருந்தும், சந்தைக்குப் போகும் காய்கறியும் பழைய காரின் பின்புறத்திலேயே பிரயாணம் செய்கின்றன. கிராம அதிகாரிகளிலும் அநேகர் பழைய வண்டி ஒன்றை வாங்கி அதிலேயே சுற்றுப்பயணம் செய்து வருகிறார்கள். மாட்டு வண்டியின் கடையாணி தேய்ந்தால் உடனே கவனிக்கும் நம் குடியானவர்கள், காரின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஒரு சிறு மூட்டைப் பற்றி அறியாதிருப்பதால், அதைக் குறித்துச் சில விஷயங்களை எழுத முற்பட்டேன்.

உதாரணத்திற்கு 1983-ஆம் வருஷம் முதல் 2014-ஆம் வருஷம் வரை உற்பத்தியான மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். இன்னும் நம் பக்கங்களில் இவ்வண்டிகள் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இதன் முன்சக்கரம் ஒவ்வொன்றும் மேற்புறத்தில் ஷாக் அப்சார்பர் என்னும் தூணினாலும், கீழ்ப்புறத்தில் லோயர் ஆர்ம் என்னும் இரும்புக் கையினாலும் வண்டியுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கையின் வெளி முனையில் இருப்பதே பால் ஜாயிண்ட் என்று பட்டறைக்காரர் சொல்லும் பந்து மூட்டு. காளையின் தொடை எலும்பின் குமிழ் இடுப்புக் குழியில் எவ்வாறு பொருந்திச் சுழல்கிறதோ, அவ்வாறே எஃகுப் பந்து ஒன்று கிண்ணத்திற்குள் அடங்கி, சக்கரம் மேலும் கீழும் ஆடவும் இடமும் வலமும் திரும்பவும் இடங்கொடுக்கிறது. இவ்வண்டியில் பாரம் முழுவதும் தூணின் வழியாக இறங்குவதால் மூட்டு அதைச் சுமப்பதில்லை. பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் சக்கரத்தின் அடிப்பாகம் விலகாமல் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை.

பந்திற்கும் கிண்ணத்திற்கும் இடையில் கிரீஸ் அடைக்கப்பட்டு, அதன்மேல் ஒரு ரப்பர் உறை மூடப்பட்டிருக்கும். உறை கிழிந்த நாள் முதல் மூட்டுக்கு ஆயுள் குறைந்தது என்றே கொள்ளலாம். வாய்க்கால் கரையின் சேறும், களத்து மண்ணும், மழை நீரும் உள்ளே புகுந்து கிரீஸுடன் கலந்து சாணைக்கல்லைப் போல் பந்தைத் தேய்க்கின்றன. மாட்டு வண்டிக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்து வண்டி மை போடுவதைப் போல் இதற்கும் போடலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இம்மூட்டு அடைத்து முத்திரையிட்டாற்போன்றது. மசகு இடுவதற்கு அதில் வாயில்லை. தேய்ந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சென்ற வருஷம் நிலக்கடலைச் செயல்விளக்கத் திடலுக்கு விதை கொண்டுபோக ஒரு நிலச்சுவான்தாரர் தமது காரிலே என்னையும் ஏற்றிக்கொண்டார். முன்புறத்தில் குழிதோறும் 'லொடக், லொடக்' என்று சப்தம் கேட்டது. விசாரித்ததில், ஒரு பட்டறையில் மூட்டின் விளிம்பைச் சுற்றி வெல்டிங் வைத்து இறுக்கிக் கொடுத்ததாகவும், செலவு மிகவும் சொற்பம் என்றும் சந்தோஷமாகச் சொன்னார். மறுபடி காட்டும்படி நான் சொன்னேன். அறுவடை முடியட்டும் என்றார். ஆறு வாரங்கள் கழித்து, வாய்க்கால் பாலத்தருகில் திரும்பும்போது இடது முன்சக்கரம் அடிப்பாகம் வெளியே விலகிச் சாய்ந்து விழுந்தது. ஆக்ஸில் கழன்று கியர் ஆயில் முழுவதும் மண்ணில் கொட்டியது. மெதுவாகப் போனதால் தப்பினோம்; நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது இவ்வாறு நேர்ந்திருந்தால் இக்கட்டுரையை வேறொருவர்தான் எழுதியிருப்பார். வெல்டிங்கின் சூட்டினால் கிண்ணத்தின் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மெத்தை உருகிப் போகிறது. வெளியே இறுகியதாகத் தோன்றும் மூட்டு உள்ளே முன்னிலும் தளர்ந்துவிடுகிறது. ஆகையால் இவ்வேலையை எவர் செய்ய முன்வந்தாலும் தடுத்துவிடுதல் வேண்டும். புதிய உறுப்பின் விலை ஒரு மூட்டை விதைக் கடலையின் விலைக்கும் குறைவேயாகும்.

தேய்மானத்தைச் சோதிப்பது கடினமன்று. முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக் மிதியை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றுபோனால் குறை சக்கர பேரிங்கில் இருக்கிறது. நிற்காவிட்டால் பந்து மூட்டைச் சந்தேகிக்கலாம். பிறகு லோயர் ஆர்முக்கும் சக்கரம் பொருத்தியுள்ள நக்கிளுக்கும் இடையில் கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பினால், மூட்டின் இடைவெளி கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வரும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டீரிங்கைச் சேர்ந்த டை ராடு எண்டின் தேய்மானம். அதுவும் பந்து மூட்டே. அதையும் அலட்சியம் செய்யலாகாது.

இவ்வண்டியில் மூட்டு லோயர் ஆர்முடன் சேர்ந்தே வருவதால், கையையே முழுமையாக மாற்றுவது உத்தமம். மெத்தென்ற வயல் மண்ணில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். சிமெண்டுக் களம் ஏற்றது. பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்புறம் இரு பக்கமும் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் இறக்குக. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இரு கைகளையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். செங்கல்லையும் உரலையும் அடுக்கி அதன்கீழ் படுப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அதைவிட வண்டியைப் பழுதாகவே விட்டுவைக்கலாம்.

துருவேறிய போல்ட்களுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தல் நலம். ஸ்டெபிலைசர் பார் முனையிலுள்ள நட்டை முதலில் கழற்றுக. பிறகு நக்கிளில் மூட்டின் தண்டை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவி எடுக்க வேண்டும். அது தண்டிலுள்ள பள்ளத்தில் பொருந்தி நிற்பதால், எடுக்காமல் எவ்வளவு அடித்தாலும் தண்டு இறங்காது. அநேகர் இங்கேதான் சம்மட்டியைத் தேடுகிறார்கள். நக்கிளின் பிளவில் உளியைச் சிறிது செலுத்தி அகலப்படுத்தி, கையை நீண்ட குழாயால் கீழ்நோக்கி அழுத்தினால் தண்டு வெளிப்படும். அவ்வமயம் சக்கரப் பகுதியை வெளிப்புறம் இழுத்துவிடலாகாது; இழுத்தால் மேற்சொன்னபடி ஆக்ஸில் நழுவி ஆயில் கொட்டும். கடைசியாக உட்புறத்துப் போல்ட்டை எடுத்தால் கை கழன்றுவிடும்.

புதியதைப் பொருத்துகையில், தண்டு நக்கிளில் முழுவதும் ஏறி, போல்ட் பள்ளத்தின் வழியாகத் தடையின்றிச் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்புறத்துப் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதும் இறுக்குவது பெருந்தவறு. அங்குள்ள ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டி தரையில் இறங்கியதும் முறுக்கிக் கிழியும். ஆகவே லேசாக இறுக்கி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் நிறுத்திய பின்னரே முடிவான இறுக்கம் கொடுக்க வேண்டும். பழைய ஸ்பிலிட் பின்னை மறுபடி உபயோகிக்க வேண்டாம்; புதியது மிகவும் மலிவு.

மறு பக்கத்து மூட்டும் அதே சேற்றில் ஓடியதாகையால் அதையும் அன்றே சோதித்துவிடுவது நல்லது. வேலை முடிந்ததும் பக்கத்து டவுனில் வீல் அலைன்மெண்ட் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் டயர் ஒரு பக்கமாகத் தேயும். சில நாட்கள் ஓடியபின் எல்லா நட்டுகளையும் ஒரு முறை ஸ்பானர் வைத்துப் பார்க்குக. நமது நிலச்சுவான்தாரர் இப்பொழுது மாதந்தோறும் காருக்கடியில் டார்ச் விளக்குடன் குனிந்து ரப்பர் உறைகளைப் பார்த்து வருகிறார்.