அரிப்பு மாத்திரையை நிறுத்தினால் அரிப்பு

செட்ரிசின் போட்டா தூக்கம் வரும்னு எல்லாருக்கும் தெரியும். நிறுத்தினா என்ன ஆகும்? மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்கு, நிறுத்திய ஓரிரு நாளில் தாங்க முடியாத அரிப்பு வருகிறது. செட்ரிசினுக்கும் அதன் தம்பி லெவோசெட்ரிசினுக்கும் அமெரிக்க எஃப்டிஏ 2025 மே மாதம் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. 2017 முதல் 2023 வரை அவர்கள் கணக்கில் வந்தவை 209 பேர். இதை விழுங்கும் கூட்டத்தோடு பார்த்தால் இது ரொம்பச் சின்ன எண்தான்.

ஆனால் யார் இதைப் புகாராகச் சொல்வார்கள்? அரிப்பு வந்ததும் "அலர்ஜி திரும்ப வந்துடுச்சு"ன்னு மறுபடி மாத்திரை போடுவோம். பெரும்பாலும் அடங்கிவிடும். சந்தேகம் தீர்ந்த மாதிரி இருக்கும், தீரவில்லை. பழைய அலர்ஜி என்றாலும் அடங்கும், நிறுத்தியதால் வந்தது என்றாலும் அடங்கும். எதையும் பிரித்துக் காட்டாத டெஸ்ட் கேஸ் இது! இப்படியே வருஷக்கணக்கில் தேவையில்லாமல் மாத்திரை ஓடலாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாத்திரை ஆரம்பிக்கும் முன்னால் அரிப்பு இருந்ததா? தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் ஆரம்பித்தவருக்கு நிறுத்தியதும் உடம்பு அரித்தால், டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். திரும்ப ஆரம்பித்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சிலர் வெளியே வந்திருக்கிறார்கள்.

மாண்டிலூகாஸ்ட் சாப்பிடுகிறவர்களும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம்மூரில் பல பிராண்டுகளில் லெவோசெட்ரிசினும் கூடவே இருக்கும்.