கல்வியும் ருஷ்தும்: ஜான் ஸ்டூவர்ட் மில்லின் இளமை

பருவம் எய்துவது வேறு. பக்குவம் எய்துவது வேறு. முன்னதை ‘புலூக்’ என்றும், தன் காரியங்களைத் தானே செவ்வனே நடத்திக்கொள்ளும் பின்னதை ‘ருஷ்து’ என்றும் அரபு மொழி வழங்கும். யதீம்களின் சொத்தைப் பற்றிப் பேசும் அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அவர்கள் மணப் பருவத்தை எட்டும்வரை அவர்களைச் சோதித்து வருமாறும், அவர்களிடம் ருஷ்தைக் கண்டால் சொத்தை அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிடுமாறும் பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகின்றது. சிறு தொகையைக் கொடுத்து, கொடுக்கல் வாங்கலில் ஈடுபடுத்திப் பார்ப்பது இச்சோதனையின் ஒரு முறை என்பர் ஃபுகஹாக்கள். பக்குவம் புலப்படாவிட்டாலும் 25 வயதானவனிடம் சொத்தைத் தந்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் ருஷ்து தென்படும்வரை தரலாகாது என்றனர்.

வசனம் பேசுவது யதீமின் பொருளைப் பற்றி. எனினும் அதனுள் பொதிந்துள்ள வினா தந்தையுள்ள பிள்ளைக்கும் பொருந்தும். தந்தையே ஆசிரியராகவும் வீடே பள்ளியாகவும் அமையும்போது, பிள்ளையின் அறிவை எப்போது, எவ்வாறு பிள்ளையிடம் ஒப்படைப்பது? இதற்கு விளக்கமாக அமைகிறது ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் (1806–1873) இளமை. அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்த தன்வரலாற்றில் அதனை ஒளிவுமறைவின்றிப் பதிவுசெய்துள்ளார்.

தந்தையின் மேசை

மில் பள்ளிக்கூடம் சென்றதில்லை. தந்தை ஜேம்ஸ் மில் அவருக்கு 3 வயதிலேயே கிரேக்கமும், 8ஆம் வயதில் இலத்தீனும், 12ஆம் வயதில் அளவையியலும் தொடங்கி வைத்தார். ‘பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு’ (1817) என்னும் பெருநூலைத் தந்தை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் அமர்ந்துதான் மகன் பாடம் படித்தார். அக்காலக் கிரேக்க அகராதிகள் இலத்தீனில் பொருள் கூறின. இலத்தீன் அறியாத சிறுவன் ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையையே கேட்க வேண்டியிருந்தது. இயல்பில் பொறுமை குறைந்தவரான அத்தந்தை இந்த இடையூற்றைப் பொறுத்துக்கொண்டே தம் நூலையும் எழுதி முடித்தார். இந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது.

முறையும் வெறும் மனப்பாட முறையன்று. காலை நடையின்போது, முந்தைய நாள் படித்ததை மகன் தந்தையிடம் எடுத்துரைப்பார். 13ஆம் வயதில் பொருளியலைக் கேட்டறிந்து மறுநாள் எழுதிக் காட்டுவார். தெளிவு வரும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஆயினும் விடுமுறை இல்லை. ஒத்த வயதுத் தோழர் இல்லை. கைவேலைகளில் மகன் தடுமாறினார். அதற்காகத் தந்தை கடிந்துகொண்டாரேயன்றி, அதனைப் பழக்கித் தரவில்லை. 14 வயதில் ஓராண்டுக்கு மேல் பிரான்சில் ஓர் ஆங்கிலக் குடும்பத்துடன் தங்கியதே அவர் தந்தையின் பார்வைக்கு வெளியே வாழ்ந்த முதல் நீண்ட காலம்.

ஊன்றுகோல் ஒடிந்த வேளை

1823இல், 17 வயதில், மில் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் பணியேற்றார். அங்கும் நேர் மேலதிகாரி தந்தையே! ஆசிரியர், வீட்டுத் தலைவர், மேலதிகாரி மூவரும் ஒருவரே என்றாகிவிட்டது. வாழ்வின் குறிக்கோளும் தந்தையும் அவர் நண்பர் பெந்தாமும் வகுத்த சமூகச் சீர்திருத்தம்தான்.

1826 இலையுதிர்காலத்தில், 20 வயதில், மில் தம்மிடமே ஒரு வினாவை எழுப்பினார். தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சி கிட்டுமா? ‘இல்லை’ என்றே உள்ளம் விடை தந்தது. அன்றுமுதல் பல மாதங்கள் கடும் மனச்சோர்வு அவரைப் பற்றிக்கொண்டது. அன்றாட வேலைகள் பழக்கத்தால் மட்டுமே நடந்தன.

எந்த இடரிலும் இயல்பாக நாடியிருக்க வேண்டிய தந்தையிடம் இதைச் சொல்ல மகனால் இயலவில்லை. தம் கல்வி முழுவதும் தந்தையின் கைவண்ணம். அது தோற்றது என்று கூறி அவரை வருத்துவதால் பயன் என்ன என்று எண்ணினார். இத்தனை ஆண்டுகள் நாள்தோறும் உரையாடிய இருவரிடையே, மிகவும் தேவையான அந்த ஓர் உரையாடல் மட்டும் நிகழவேயில்லை. அக்கல்வியில் இருந்த குறை இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது.

மீட்சி சிறுகச் சிறுக வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொன்தெல்லின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் இனிக் குடும்பத்துக்குத் தானே எல்லாமுமாக இருப்பேன் என்று உறுதிகொள்ளும் பகுதியைப் படித்துக் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீர் பாரத்தைக் குறைத்தது. 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் உணர்ச்சிக்கும் இடமுண்டு என்பதைக் காட்டின. தந்தையின் வட்டத்துக்கு மாறான கருத்துடையோரும் நண்பராயினர்.

ஒப்படைத்தல்

இவ்விடுதலை வீட்டைத் துறந்து பெற்றதன்று. 1851இல் மணம்புரியும்வரை மில் குடும்பத்தாருடனேயே வாழ்ந்தார். தந்தையை அவர் இகழவுமில்லை. தாம் பெற்ற அறிவுக்கு இறுதிவரை நன்றி பாராட்டினார். ஆனால் கருத்து வேறுபாடுகளைத் தந்தையிடம் கூறுவதைப் பெரும்பாலும் தவிர்த்தே வந்தார். பெந்தாம் குறித்த அவரது விரிவான திறனாய்வு 1838இல்தான், தந்தை மறைந்து ஈராண்டுகளுக்குப் பின், வெளிவந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் மில் வீட்டுக் கல்வியை வெறுக்கவில்லை. ‘சுதந்திரம்’ பற்றிய 1859ஆம் ஆண்டு நூலில், பிள்ளைகளுக்குக் கல்வி கிடைப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்றார். அக்கல்வியை எங்கே, எவ்வாறு அளிப்பது என்பதைப் பெற்றோருக்கே விட்டுவிடலாம் என்றார்.

ஆகவே வீட்டில் கற்பிப்பது குறையன்று. ஒப்படைக்கும் நாளைக் கருதாமல் கற்பிப்பதே குறை. வசனம் சோதனையை முன்னும் ஒப்படைப்பைப் பின்னும் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். சிறு பணம், சிறு பயணம், தானே தெரிந்துகொண்ட நட்பு, தானே எடுத்த முடிவு, அது தவறினால் வந்து சொல்லும் துணிவு ஆகியவையே நம் பிள்ளைகளுக்கான சோதனைகள். பாடத்தில் தேறியதைக் கண்டு மகிழும் தந்தை, தம் பிள்ளை தம்மிடம் அஞ்சாமல் ‘இல்லை’ என்று சொல்லக் கற்றிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும். ருஷ்தின் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.