வெப்பமாகும் ஓடைகளும் நீலகிரி டிரவுட் மீனும்

சின்ன காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஏரிகளில் வாழும் விரால், நீரில் ஆக்சிஜன் குறையும்போது மேலெழுந்து காற்றைச் சுவாசிக்கும். நீலகிரி ஓடைகளில் வாழும் சால்மன் குடும்பத்து வானவில் டிரவுட்டுக்கு அவ்வாய்ப்பு இல்லை. நீர் 10 பாகை செல்சியசிலிருந்து 20 பாகைக்கு வெப்பமடைந்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராமாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 9 ஆகக் குறையும். மீனின் தேவையோ அப்போது மிகும். முட்டைகள் இன்னும் குளிர்ந்த நீரிலேயே பொரியும்.

1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்துப் பெருக்கப்பட்ட இம்மீன் இம்மண்ணுக்கு அயலானது. அதனைக் காக்க வேண்டுமா என்பது வேறு வினா. ஓடை வெப்பத்தை உணர்த்தும் உயிரி என்ற அளவில் அது ஆய்வுக்குரியது. குளிர்நீர் தேடி மேலேறுவதே மலைமீனின் இயல்பு. நீலகிரியில் அவ்வழியை அணைகள் மறிக்கின்றன. தொட்டபெட்டா உச்சியும் 2,637 மீட்டரே.