செஞ்சி ராணியும் சண்டிராணியும்

செஞ்சிக் கோட்டையில் செட்டிகுளக்கரையில் ஒரு மேடை இருக்கிறது. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட செஞ்சி மன்னன் தேசிங்குக்கு அங்கேதான் சிதை மூட்டினார்கள், இளம் மனைவியும் அதில் இறங்கினாள் என்பது ஊர்ப்பேச்சு.

அந்தக் கதை 1960-இல் 'ராஜா தேசிங்கு' என்று திரைக்கு வந்தது. எம்.ஜி.ஆர். நாயகன், நடிகை பானுமதியும் நடித்தார்.

நேயர்களே, அதற்கு 7 ஆண்டுகள் முன்பே பானுமதி இயக்குநராகிவிட்டார்! 1953-இல் வந்த 'சண்டிராணி' அவர் இயக்கிய முதல் படம். அதுவும் தமிழ், தெலுங்கு, இந்தி என ஒரே சமயத்தில் மூன்று மொழிகளில். நாயகன் என்.டி. ராமராவ். பானுமதிக்கோ இரட்டை வேடம். போதாததற்குப் பாட்டும் அவரே பாடினார். மொழி மாறினால் வசனம் மாறும், உதட்டசைவு மாறும். நடித்துக்கொண்டே இத்தனையையும் கவனிக்க வேண்டும். கேமராவுக்கு முன்னாலும் அவர்தான், பின்னாலும் அவர்தான்.

தமிழில் பெண்கள் படம் இயக்க வழிவகுத்தவர் டி.பி. ராஜலட்சுமி. தாம் எழுதிய நாவலையே 1936-இல் 'மிஸ் கமலா' என்று படமாக்கி இயக்கினார்.

பானுமதி ஓங்கோல் பக்கத்து தொட்டவரத்தில் 1925-இல் பிறந்தவர். கணவர் பி.எஸ். ராமகிருஷ்ணராவும் இயக்குநர். மகன் பரணியின் பெயரில் சென்னையில் ஸ்டூடியோ நடத்தினார்கள். மாமியாரை வைத்து பானுமதி தெலுங்கில் எழுதிய நகைச்சுவைக் கதைகளுக்குத் தனி வாசகர் கூட்டமே உண்டு. 1982-இல் குழந்தைகளை நடிக்கவைத்து 'பக்த துருவ மார்க்கண்டேயா' எடுத்தபோது அவருக்கு வயது 56.