பெரிய வீடும் பெயர்ச் சுவர்களும்

அமெரிக்காவின் தெற்கில் லூசியானா என்றொரு மாநிலம். அங்கே மிசிசிப்பி ஆற்றங்கரை நெடுகிலும் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள். முதலாளிமார் வாழ்ந்த மாளிகைகள் சில இன்றும் நிற்கின்றன. அவற்றின் அழகை வியந்து படமெடுத்துச் செல்வோர் ஏராளம். அந்த அழகுக்கு உழைத்தவர் யார் என்று கேட்டவர் குறைவு.

அந்தக் கேள்விக்காகவே 2014-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது விட்னி தோட்டம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒருவர் 1752-இல் தொடங்கிய தோட்டம் அது. முதலில் அவுரி, பிறகு கரும்பு. ஆப்பிரிக்க அடிமைகளே அங்கே பாடுபட்டனர். பெரிய வீட்டோடு அவர்களுடைய மரக் குடிசைகளையும் இன்று நீங்கள் அங்கே பார்க்கலாம். எல்லாவற்றையும் விட மனத்தை உலுக்குவது பெயர்ச் சுவர்கள்தாம். லூசியானாவில் அடிமைப்பட்டிருந்த 107,000 பேரின் பெயர்களை அவற்றில் பொறித்திருக்கிறார்கள்.

பெயருக்கு ஏன் இத்தனை சிறப்பு? முதலாளி இறந்தால் அவருடைய சொத்துப் பட்டியலில் மாடு, கலப்பையோடு மனிதரையும் விலைபோட்டு எழுதினார்கள். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பில் முதலாளியின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். 1865-இல் விடுதலை வந்தது. 1870-இல்தான் அவர்கள் எல்லோரையும் மற்றக் குடிமக்களைப் போல் பெயர் சொல்லி எழுதினார்கள். இன்று அவர்களுடைய வாரிசுகள் வேரைத் தேடிப் போனால், பெரும்பாலும் அந்த ஆண்டோடு வழி அடைபட்டுவிடுகிறது. அதற்கு முந்திய பாட்டியை, அவளை விற்றவனின் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்!

இதைப் படிக்கையில் துரை பங்களாவும் லயன் வீடுகளும் உங்கள் நினைவுக்கு வரும். தொடர்பு இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகே, தோட்டங்களுக்கு இந்தியரை ஒப்பந்தத்தில் ஏற்றி அனுப்புவது பெருகியது. மலாயாவில் ஒப்பந்தமுறை 1910-இல் நின்றது; கங்காணி ஆள்சேர்ப்பு 1938 வரை நடந்தது. நம் முன்னோர் பட்ட துன்பம் பெரிது. ஆனால் அவர்கள் அடிமைகள் அல்லர். கூலி உண்டு; ஊர் திரும்பும் உரிமை உண்டு; அவர்கள் பெற்ற பிள்ளை துரையின் சொத்து அல்ல. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

அவர்களுடைய பெயர்களைப் பறித்தார்கள். நம் பெயர்களையோ நாமே நழுவ விடுகிறோம். நம் வழக்கப்படி தந்தை பெயரே நம் பெயரோடு வரும். ஒரு தலைமுறை தாண்டினால் அதுவும் போய்விடும். பாட்டிமார் பெயர் எதிலுமே வராது. 'பெயரன்' என்ற சொல்தான் 'பேரன்' ஆயிற்று என்பார்கள். பாட்டன் பெயரைத் தாங்குபவன் அவன். ஆனால் வகுப்பில் கொள்ளுப்பாட்டன் பெயரைக் கேட்டால் சொல்லும் பிள்ளைகள் ஒரு சிலரே.

தோட்டங்கள் கைமாறிவிட்டன, பல இடங்களில் லயன்கள் இடிந்து, குடும்பங்கள் பட்டணம் போய்விட்டன. முதியவர்களும் ஒவ்வொருவராக மறைகிறார்கள். ஆகவே பெற்றோர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுங்கள். வீட்டுப் பெரியவர் அருகில் பிள்ளையை உட்கார வையுங்கள். தாத்தா பெயர், பாட்டி பெயர், பிறந்த கிராமம், வந்த கப்பல் ரஜூலாவா வேறா, முதலில் பெரட்டுக்கு நின்ற தோட்டம் எது என்று பிள்ளையே கேட்டு எழுதட்டும்.

லூசியானாவில் கல்லில் தேடிக்கொண்டிருப்பதை நாம் இன்று வாய்விட்டுக் கேட்டே பெறலாம். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.