ரத்தத் துளிகள் சொல்வது என்ன? தடயவியல் ஆய்வின் வலிமையும் வரம்பும்

குற்றம் நிகழ்ந்த இடத்தின் சுவரிலும் தரையிலும் படிந்துள்ள ரத்தக்கறைகளின் வடிவம், அளவு, பரவல் ஆகியவற்றைக் கொண்டு, தாக்குதல் எவ்வாறு நடந்தது என்பதைக் கணிப்பதே ரத்தக்கறை வடிவ ஆய்வு.

2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. இதனைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம் உள்ளது. எனவே, இத்தகைய ஆய்வுகள் இனி நீதிமன்றங்களில் கூடுதலாக இடம்பெறக்கூடும்.

கோணத்தைக் காட்டும் வடிவம்

காற்றில் பறக்கும் ரத்தத் துளி, பரப்பு இழுவிசையால் கோள வடிவம் பெறுகிறது. அது வழவழப்பான பரப்பில் செங்குத்தாக மோதினால் வட்டமான கறையும், சாய்வாக மோதினால் நீள்வட்டக் கறையும் உண்டாகும். கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் கிடைப்பது மோதல் கோணத்தின் சைன் மதிப்பாகும். சான்றாக, 4 மி.மீ. அகலமும் 8 மி.மீ. நீளமும் கொண்ட கறை, துளி 30 டிகிரி கோணத்தில் மோதியதைக் காட்டும். கறையின் வால் போன்ற முனை, துளி பயணித்த திசையைச் சுட்டும்.

பல கறைகளின் திசைக்கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால், ரத்தம் வெளிப்பட்ட இடத்தை ஏறத்தாழ அறியலாம். தாக்கப்பட்டவர் நின்றிருந்தாரா, தரையில் கிடந்தாரா என்பதற்கு இது குறிப்பு தரும். ஆனால், புவியீர்ப்பு விசையால் துளியின் பாதை வளைவதால், நேர்கோட்டுக் கணக்கீடு உண்மையைவிடக் கூடுதல் உயரத்தைக் காட்டக்கூடும்.

தாக்குதலுக்கேற்ப மாறும் கறை

காயத்திலிருந்து தானாகச் சொட்டும் ரத்தம், பொதுவாக 4 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கறைகளை ஏற்படுத்தும். தடி, சுத்தியல் போன்றவற்றால் தாக்கும்போது 1 முதல் 4 மி.மீ. வரையிலான கறைகள் மிகுதியாகக் காணப்படும். துப்பாக்கிச் சூட்டில் 1 மி.மீ.க்கும் குறைவான துளிகள் பனிமூட்டம்போலப் பரவும். ரத்தம் தோய்ந்த ஆயுதத்தை ஓங்கி வீசினால், சுவரிலோ கூரையிலோ துளிகள் வரிசையாகப் படியும். தமனி அறுபட்டால், இதயத் துடிப்புக்கேற்ப அலை வடிவக் கறைகள் தோன்றும்.

எனினும், அளவை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது. காயமுற்றவர் இருமும்போது வெளிப்படும் ரத்தமும் அதே நுண்துளிகளை உண்டாக்கும். துணியில் படிந்த கறை, இழைகளில் ஊறி வடிவம் மாறிவிடும்.

13 ஆண்டுகள் நீடித்த வழக்கு

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு, முன்னாள் காவலர் ஒருவரின் மனைவியும் இரு குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவரது சட்டையில் காணப்பட்ட எட்டு நுண்ணிய கறைகள், சுடும்போது தெறித்தவை என்று அரசுத் தரப்பு வல்லுநர்கள் கூறினர். குழந்தையை மீட்க முயன்றபோது, மகளின் ரத்தம் தோய்ந்த கூந்தல் உரசியதால் படிந்தவை என்று எதிர்த்தரப்பு வல்லுநர்கள் வாதிட்டனர். இருமுறை குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, இருமுறையும் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தான பின், 2013-இல் அவர் விடுவிக்கப்பட்டார். இக்கொலைகளுக்காக மற்றொருவர் 2006-லேயே தண்டனை பெற்றிருந்தார்.

இந்த ஆய்வில் உள்ள ஐயப்பாடுகள் மிகப் பெரியவை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009-ஆம் ஆண்டு அறிக்கை எச்சரித்தது. 75 ஆய்வாளர்களின் பதில்களைச் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீத பதில்கள் தவறாக இருந்தன.

இந்தியாவில் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39-ஆவது பிரிவு, வல்லுநரின் கருத்தைச் சான்றாக ஏற்க வழிசெய்கிறது. ஆனால், அது கருத்தே அன்றி இறுதி முடிவன்று. துளி எந்தக் கோணத்தில் மோதியது என்பதைக் கறை கூறலாம். அதற்குக் காரணமானவர் யார் என்பதைப் பிற சான்றுகளுடன் ஒப்பிட்டு நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும்.