காரின் அடிப்பக்கத் துரு: பாதுகாப்பும் உரிமையும்

இரும்பு, ஈரம், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும். அதோடு உப்பும் சேர்ந்துகொண்டால் வேகம் கூடிவிடும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. உப்பு கரைந்த ஈரம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அந்த வினை விரைவாகிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடும் கார்களின் அடிப்பக்கம் சீக்கிரம் அரிபடுவதற்குக் காரணம் இதுவே. வெள்ளம் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் ஏராளமான கார்கள் சேற்று நீரில் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகும் காரின் அடிச்சட்டத்தின் மடிப்புகளில் தங்கிய சேறு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

புதிய காரின் உடல் பாதுகாப்பு இல்லாமல் வெளிவருவதில்லை. பல பாகங்கள் துத்தநாகம் பூசிய தகட்டால் ஆனவை. முழுக் கூட்டையும் வண்ணத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, மூலைமுடுக்கெல்லாம் பிரைமர் படிய வைக்கிறார்கள். கல் தெறிக்கும் இடங்களில் ரப்பர் போன்ற தடித்த பூச்சும் இருக்கும். இந்தக் காப்பு உடையும் இடங்களில்தான் துரு தொடங்குகிறது. சக்கரக் குழியின் விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், வேகத்தடையில் உரசும் பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டம் ஆகியவை அப்படிப்பட்டவை. அந்தப் பெட்டிச்சட்டத்தின் அடியில் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் தகடு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே வண்ணம் கொப்புளிக்கும்போது உள்ளே பொத்தல் விழுந்திருக்கும்.

அடிப்பக்கத்தைக் கழுவுவதே முதல் பாதுகாப்பு. ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. கடலோரப் பகுதிகளில் பல வாட்டர் சர்வீஸ் நிலையங்களின் போர் தண்ணீரே உப்பு. அதை அழுத்தத்தில் பீய்ச்சினால் சேறு போகும், உப்பு இடுக்குகளில் தங்கிவிடும். கழுவி முடித்ததும் நல்ல தண்ணீரால் ஒரு முறை அலசச் சொல்வதும், பிறகு சிறிது தூரம் ஓட்டிக் காயவைப்பதும் அவசியம். சில இடங்களில் இன்னும் டீசலையோ கழிவு எஞ்சின் ஆயிலையோ அடியில் தெளிக்கிறார்கள். இந்தப் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். டீசல் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். பழைய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் உள்ளன. பள்ளத்தில் நின்று அதைத் தெளிக்கும் தொழிலாளியின் தோலும் நுரையீரலும்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன.

சக்கரமும் ஹப்பும் தனிக் கவனம் கேட்பவை. அலாய் ரிம் அலுமினியக் கலவை, ஹப் இரும்பு. இரு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்க, இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பொங்கும். பஞ்சராகி நடுச்சாலையில் நிற்கும்போது நட்டுகளைக் கழற்றிய பிறகும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணில் படாது. ரிம் உட்காரும் ஹப் முகத்தில் துருப் பொருக்கு இருக்கும்போதே சக்கரத்தை மாட்டி இறுக்கினால் நட்டுகள் முறுக்கேறியதாகவே தோன்றும். வண்டி ஓட ஓட அந்தப் பொருக்கு நொறுங்கி, பிடி தளர்ந்து, நட்டுகள் கழல ஆரம்பிக்கும். டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே பொருக்கு இருந்தால் டிஸ்க் கோணலாகச் சுற்றி, பிரேக் மிதிக்கும்போது பெடலில் அதிர்வு தெரியும்.

எனவே சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஹப் முகத்தையும் ரிம்மின் உட்புறத்தையும் கம்பி பிரஷ்ஷாலோ எமரி தாளாலோ உலோகம் தெரியும்வரை தேய்த்துத் துடைக்க வேண்டும். ஒட்டாமல் இருக்கப் பூசும் பசையை ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம். போல்ட் மரைகளில் தடவினால் நட்டு அளவுக்கு மீறி இறுகி போல்ட் இழுபடும். டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் இதைச் செய்பவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகக் கூடாது. சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக் ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது; பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. ரிம் பளபளக்க விற்கப்படும் அமிலக் கரைசல்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமில வகைகள் இருக்கும். தோலில் பட்டவுடன் எரியாமல், சில மணி நேரம் கழித்து ஆழமாகப் புண்ணாக்கும் அமிலம் அது. பட்டால் உடனே நிறைய நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆன்டி ரஸ்ட் கோட்டிங் எனும் அடிப்பூச்சு, சரியாகச் செய்தால் பயன் தரும். துருவைச் சுரண்டி, கழுவி, முழுக்கக் காயவைத்து, துத்தநாக பிரைமர் அடித்து, அதன் மேல் பூச வேண்டும். சேற்றின் மேலும் துருவின் மேலும் கறுப்பாக அடித்துவிட்டால், பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துத் துருவை வளர்க்கும். அது பூசாமல் விடுவதைவிடக் கெடுதல். வடிகால் துளைகள், டிஸ்க், டிரம், சைலன்சர், சென்சார்கள், ரப்பர் புஷ்கள் ஆகியவற்றில் பூச்சு படவே கூடாது.

உரிமை பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது. புதுக் கார் வாங்கும்போது துணைப்பொருள் பட்டியலில் இந்தப் பூச்சையும் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது கட்டாயமில்லை. ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நிபந்தனை வைப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்கிறது. பில் தர மறுப்பது அதே சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பூச்சின் பெயர், தயாரிப்பாளர், உத்தரவாதக் காலம், எதற்கு உத்தரவாதம் பொருந்தாது என்பதெல்லாம் பில்லிலோ அட்டையிலோ எழுத்தில் இருக்க வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, பூசுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் வழக்கென்று போனால் கையில் இருக்கும் சாட்சி அந்தப் படங்கள்தான்.

உத்தரவாத அட்டையைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தகடு உள்ளிருந்து அரித்துப் பொத்தலாவதும், மேலே வண்ணத்தில் துருக்கறை படிவதும் பெரும்பாலும் ஒரே கணக்கில் வராது. குறித்த இடைவெளியில் சோதனைக்கு வரவில்லை என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் சேர்த்துவைக்க வேண்டும்.

குறை தீராவிட்டால் முதலில் எழுத்து மூலம் புகார் செய்து நாள் குறித்துக் கேட்கலாம். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போக வேண்டும். துருவில் இந்தக் கெடு எப்போது தொடங்குகிறது என்ற சண்டை வரக்கூடும். பொத்தலைக் கண்ட அன்றே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் குறையும்.

துரு ஒரு வண்டியின் குறையாக இல்லாமல் ஒரு மாடலின் குறையாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் பிக்அப் வண்டிகளின் சேஸிஸ் துருப்பிடித்த வழக்கில், 2016-இல் டொயோட்டா சேஸிஸ்களைச் சோதித்து மாற்றித் தரும் உடன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவிலும் 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110A பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது.

காப்பீடு வேறு வழி. நாள்பட்ட துருவைத் தேய்மானம் என்று சொல்லி விலக்கிவிடுவார்கள். வெள்ளச் சேதத்துக்கோ, சொந்த வாகனச் சேதத்தையும் உள்ளடக்கிய பாலிசியில் இழப்பீடு உண்டு. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், படம் எடுத்து, நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, சர்வேயரிடம் பிரேக், ஹப் பேரிங், அடிப்பக்கம் ஆகியவற்றையும் குறிக்கச் சொல்ல வேண்டும். நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம்.

பழைய கார் வாங்குபவர் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். பட்டி வைத்து அடைத்த பொத்தலை அது மறைத்திருக்கலாம். காந்தம் வைத்தால் பட்டி இருக்கும் இடத்தில் பிடிப்பு குறையும். சீட் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் தெரியும் சேற்றுக் கோடு, ஸ்டெப்னி குழியில் படிந்த வண்டல் ஆகியவை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் அடையாளங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் வாங்கும்போது, வெள்ளத்தில் மூழ்காத வண்டி என்ற உறுதியை எழுதி வாங்கிக்கொண்டால், பொய்யென்று தெரியவரும்போது நுகர்வோர் ஆணையத்தில் அதுவே ஆவணம். தனியாரிடம் நேரடியாக வாங்கினால் பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது; பணம் கொடுப்பதற்கு முன் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.